கழுகுக் கதை பொய்யென்றால் பாடமும் பொய்யா?

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில், தரம் ஒன்பது மாணவர்களுக்கு இயற்கை ஆவணப்படங்களையும் நல்ல திரைப்படங்களையும் காட்டி, அவற்றிலிருந்து வாழ்க்கைக்கான பாடங்களை எடுத்துச் சொல்ல அவர் விரும்புகிறார். எந்தப் படத்தில் எந்தப் பாடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தர முடியுமா என்கிறார். கேள்வியின் கடைசி வரியில், நாற்பது வயதில் தன் அலகைத் தானே உடைத்துக்கொள்ளும் கழுகின் காணொளியைக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, "இது உண்மையா டீச்சர்?" என்று கேட்டதாகவும், தமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பட்டியலைவிட அந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு விலங்கைக் காட்டி ஒரு பாடம் சொல்லும்போது, அந்த விலங்கு உண்மையில் அப்படிச் செய்யவில்லை என்றால் பாடத்தின் கதி என்ன? அப்படியே செய்தாலும், அதிலிருந்து நமக்கு ஒரு பாடம் பிறக்கிறதா?

விலங்கியல் தனிப் பாடமாக இருந்த காலத்திலும், அது உயிரியலோடு சேர்ந்த பிறகும், மலையகப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே விலங்குகளைப் பற்றிச் சொல்பவற்றை ஓரளவு பயிற்சியோடு சொல்கிறேன். சினிமாவைப் பொறுத்தவரை நான் வெறும் பார்வையாளன். அந்தப் பகுதியை அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

மாணவிக்கான பதிலை முதலில் சொல்லிவிடலாம்: உண்மையில்லை. கழுகு எழுபது ஆண்டு வாழும், நாற்பதில் அதன் அலகும் நகமும் வளைந்து பயனற்றுப் போகும், அது மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் அலகை மோதி உடைத்து, புதிய அலகு முளைக்கும்வரை ஐந்து மாதம் காத்திருந்து, பிறகு நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னும் முப்பது ஆண்டு வாழும் என்பது மேடைப் பேச்சாளர்களும் வட்ஸ்அப்பும் சேர்ந்து வளர்த்த கதை. பறவையின் அலகு உள்ளே எலும்பும் வெளியே நம் நகத்தை ஒத்த கெரற்றின் உறையும் கொண்டது. அந்த உறை வாழ்நாள் முழுவதும் வளர்கிறது, இரையைக் கிழிக்கும்போதும் தேய்க்கும்போதும் அன்றாடம் தேய்கிறது. எலும்போடு உடைந்தால் திரும்ப முளைப்பதில்லை. அலகும் நகமும் இல்லாத ஒரு வேட்டைப் பறவை ஐந்து மாதம் என்ன, சில வாரங்கள் தாக்குப் பிடிப்பதே கடினம். இறகுகளும் ஒரேயடியாக உதிராமல், பறக்கும் ஆற்றல் கெடாதபடி சிறிது சிறிதாகத்தான் மாறுகின்றன. நம் மலைச்சரிவுகளுக்கு மேல் வட்டமிடும் கருங்கழுகும் சரி, உலகின் வேறெந்தக் கழுகும் சரி, காட்டில் எழுபது ஆண்டு வாழ்வதாகப் பதிவில்லை. பெரிய கழுகுகள் இருபது முப்பது ஆண்டு வாழ்ந்தாலே அது நீண்ட ஆயுள்.

சரி, கதை பொய். நடுவயதில் ஒரு மனிதர் வலியைப் பொறுத்துக்கொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற அறிவுரையும் பொய்யாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. கணவனை இழந்த பிறகு தையல் பழகிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள். அறிவுரைக்கு அவர்களே போதிய சான்று. கழுகு அந்த அறிவுரைக்குக் கூடுதலாகத் தருவது ஒன்றே ஒன்றுதான்: "இயற்கையே இப்படிச் சொல்கிறது" என்ற அதிகாரம். அந்த அதிகாரம் இரவல் வாங்கப்பட்டது, அதுவும் பொய் சொல்லி. இதில் எனக்குள்ள கவலை நடைமுறை சார்ந்தது. கதையை நம்பிக் கைதட்டிய மாணவர்களுக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. எழுந்து கேள்வி கேட்ட மாணவிக்குத்தான் கெடுதி. நாளைக்கு அவள் தானாகத் தேடி உண்மையைக் கண்டுபிடிக்கும்போது, கழுகோடு சேர்த்து அறிவுரையையும், அறிவுரையோடு சேர்த்து ஆசிரியையையும் தள்ளிவிடுவாள்.

இப்படிப்பட்ட பொய்கள் வட்ஸ்அப்புக்கு முன்பே, மிகப் பெரிய நிறுவனங்களின் திரையிலும் இருந்தன. 1958இல் டிஸ்னி வெளியிட்ட வடதுருவ ஆவணப்படம் ஒன்றில், லெமிங் எனப்படும் சிறிய எலியினங்கள் கூட்டங்கூட்டமாகப் பாறையிலிருந்து குதித்து நீரில் மூழ்கி இறப்பதாகக் காட்டினார்கள். அந்தப் படத்துக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. பின்னர் 1982இல் கனடாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, அக்காட்சி வடதுருவத்தில் இல்லாமல் அல்பேர்ட்டா மாகாணத்தில் எடுக்கப்பட்டதையும், வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்குகளைச் சுழலும் மேடையில் ஓடவிட்டுப் பெருங்கூட்டம்போலக் காட்டியதையும், இறுதியில் அவற்றை நீரில் தள்ளிவிட்டதையும் அம்பலப்படுத்தியது. லெமிங்குகள் பெருகும்போது இடம்பெயர்வது உண்மை, வழியில் சில நீரில் மூழ்குவதும் உண்மை; தற்கொலை உண்மையில்லை. ஆனாலும், "லெமிங்கைப் போலக் கூட்டத்தோடு போய்ச் சாகாதே" என்று உலகெங்கும் இன்றும் சொல்கிறார்கள்.

எல்லாச் செட்டப்பும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் கூடாது. பிபிசியின் 2011ஆம் ஆண்டுத் துருவத் தொடரில் பனிக்கரடி குட்டி ஈன்ற காட்சி நெதர்லாந்தின் விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் எடுக்கப்பட்டது தெரியவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. காட்டில் ஒரு தாய்க்கரடியின் குகைக்குள் கமராவோடு நுழைந்தால் குட்டிகளுக்கே ஆபத்து என்பதால், காட்சியை வேறிடத்தில் எடுத்ததை நான் குறைகூற மாட்டேன். திரையிலேயே அதைச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

பொய்யைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. காட்டப்படும் ஒவ்வொரு காட்சியும் உண்மையாக இருந்தும் பாடம் கோணலாக வரும் இடம்தான் கடினம். 2005இல் பிரெஞ்சு இயக்குநர் லுக் ஜாக்கே எடுத்த பேரரசப் பென்குயின் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தாய் ஒரே ஒரு முட்டையை இட்டுத் தந்தையின் பாதங்களுக்கு மாற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறது. அந்தாட்டிக்காவின் குளிர்கால இருளில், ஏறக்குறைய இரண்டு மாதம் தந்தை அந்த முட்டையை நிலத்தில் விடாமல் காக்கிறது. இணைசேர வந்த நாள் முதல் கணக்கிட்டால் நான்கு மாதம்போல அது எதுவும் உண்பதில்லை. எல்லாம் உண்மை, எல்லாம் வியப்புக்குரியவை. படம் வெளியானபோது அமெரிக்காவில் ஒரு சாரார் இதைக் குடும்ப ஒழுக்கத்துக்கும் ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறிக்கும் இயற்கை தந்த சாட்சி என்று கொண்டாடினார்கள். ஆனால் பேரரசப் பென்குயின்களில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டு வேறு துணையோடுதான் சேர்கின்றன. பருவத்துக்குப் பருவம் ஒரே துணையோடு சேர்பவை சிறுபான்மை. குளிரில் அவை நெருங்கி நிற்பதைத் தியாகம் என்று விவரிப்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒவ்வொரு பறவையும் தன் குளிருக்குத்தான் மற்றதன்மேல் ஒதுங்குகிறது. எல்லாமே அப்படிச் சிறுசிறு அடியாக நகர்வதால் வெப்பம் எல்லாருக்கும் கிடைக்கிறது. எனக்கு இந்த உண்மை தியாகக் கதையைவிடச் சுவையாகத் தெரிகிறது.

பென்குயின் பேச்சு வந்ததால் இன்னொன்று. கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக மலைகளை நோக்கி நடக்கும் ஒரு பென்குயினின் காட்சியைப் பின்னணி இசையோடு, தன் வழியைத் தானே தேடும் வீரனாகப் பகிர்கிறார்கள். உங்கள் மாணவர்களும் பார்த்திருக்கக்கூடும். அது வேர்னர் ஹேர்ட்சொக் 2007இல் வெளியிட்ட அந்தாட்டிக்காப் படத்தில் வருவது. அந்தப் பறவை உணவுள்ள கடலைவிட்டு விலகி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வெறும் பனியான உள்நிலத்துக்குப் போகிறது, அதன் முடிவு நிச்சயமான சாவு என்று படமே சொல்கிறது. பென்குயின்கள் சிலவேளை திசை தடுமாறுவதுண்டு என்று அங்கே பணிபுரியும் ஆய்வாளரும் விளக்குகிறார். திசைதப்பிய ஒரு பறவையைத் தலைவனாக்கியது அந்தப் பின்னணி இசைதான்.

நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட ஓர் உதாரணத்தை இதைவிட விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் வகுப்புக்கு அது மிக நெருக்கமானது. 2015இல் டிஸ்னி வெளியிட்ட குரங்குப் படம் பொலன்னறுவைச் சிதைவுகளுக்கு நடுவே வாழும் செங்குரங்குகளைப் பற்றியது. 1968 முதல் வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்துவரும் குரங்குகள் அவை. இவ்வளவு நீண்ட காலம் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடரப்பட்ட குரங்குக் கூட்டங்கள் உலகில் மிகச் சிலவே. படத்தின் நாயகி கூட்டத்தின் அடிமட்டத்தில் பிறந்தவள். மேல்மட்டத்தார் அத்திமரத்தில் இருந்து பழுத்த பழத்தைத் தின்ன, இவள் கீழே விழுந்ததைப் பொறுக்குகிறாள். கடைசியில் குட்டியோடு மேலே வருகிறாள். லயம் எனும் தோட்ட வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எப்படிப் படும் என்று சொல்லத் தேவையில்லை. "விடாமுயற்சி இருந்தால் யாரும் உயரலாம்" என்று ஆசிரியை முடித்துவிட்டால் வகுப்பும் மகிழ்ச்சியாகக் கலையும்.

ஆனால் குரங்குகள் சொல்வது அதையில்லை. இந்த இனத்திலும் இதன் உறவினங்களிலும் மகள் பொதுவாகத் தாயின் தரத்தையே பெறுகிறாள்; உழைப்பால் அது மாறுவது அரிது. கீழ்த்தரத்துக் குரங்குக்கு நல்ல உணவு கிடைப்பது குறைவு, அதன் குட்டிகள் பிழைப்பதும் குறைவு. பொலன்னறுவையில் பதிவாகியிருக்கும் ஒரு வழக்கத்தை நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வதுண்டு: மேல்தரத்துக் குரங்கு கீழ்த்தரத்துக் குரங்கைப் பிடித்து, அதன் வாயைத் திறந்து, கன்னப்பையில் அடக்கிவைத்திருக்கும் உணவைத் தோண்டி எடுத்துத் தின்கிறது. மற்றது பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. படத்திலேயே கூர்ந்து பார்த்தால், நாயகி உயர்வது அவளுடைய உழைப்பால் மட்டும் நடக்கவில்லை. வேறொரு கூட்டம் படையெடுத்து வந்து எல்லாரையும் விரட்ட, பழைய வரிசை குலைகிறது. அவளுடைய துணை தலைவனாகிறது. அதனோடு அவளும் உயர்கிறாள். இதை அப்படியே வகுப்பில் வைத்தால், "அப்படியென்றால் உயரவே முடியாதா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். குரங்குக்குப் புலமைப்பரிசில் பரீட்சை இல்லை, தொழிற்சங்கம் இல்லை, வாக்குரிமை இல்லை. தன் தரவரிசையைப் பற்றி உட்கார்ந்து பேசி அதை மாற்றும் வழியும் இல்லை. அந்தப் பேச்சு ஒரு பாடவேளை முழுவதும் போகும். முயற்சி திருவினையாக்கும் என்பதைக் குரங்கின் வாயால் சொல்லவைக்க வேண்டியதில்லை. குறள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

ஆகவே எனக்குத் தெளிவாகத் தெரியும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எப்படி நடக்க வேண்டும் என்ற கட்டளையை விலங்கிடமிருந்து எடுக்க முடியாது. இன்ன நிலைமையில் இன்னது செய்தால் இன்னது விளையும் என்ற அறிவை எடுக்கலாம். முதலாவது ஏன் முடியாதென்றால், நமக்கு வேண்டிய எந்தக் கட்டளைக்கும் ஒரு விலங்கைக் கண்டுபிடித்துவிடலாம். பாசத்துக்குப் பென்குயின் இருந்தால், கூட்டத்தைக் கைப்பற்றியதும் முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்லும் சிங்கமும் இருக்கிறது. ஒன்றைப் பாடமாக எடுத்து மற்றதை விடுகிறோம் என்றால், எது நல்லது என்பதைப் படம் பார்ப்பதற்கு முன்பே நாம் முடிவுசெய்துவிட்டோம் என்பதுதான் பொருள்.

இரண்டாவது வகைக்கு அந்தாட்டிக்கா வரை போக வேண்டாம், தேயிலை மலையே போதும். கண்டியிலும் ஊவாவிலும் நடுத்தர உயரத்தில் உள்ள தோட்டங்களில், தேயிலைக் கிளையில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு துளை தெரியும். கொழுந்து பறிப்பவர் சாய்ந்தாலே அந்தக் கிளை முறிந்துவிடும். முறிந்த இடத்தைப் பிளந்து பார்த்தால், உள்ளே வளையம்போல ஓடும் ஒரு சுரங்கமும், அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு வண்டும், அதன் வெண்ணிறப் புழுக்களும் இருக்கும். இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாய்ப்பகுதியில் உள்ள சிறு பையில் ஒரு பூஞ்சணத்தின் வித்துகளைக் கொண்டுவந்து, சுரங்கச் சுவரில் வளர்த்து, அதையே தானும் தின்று புழுக்களுக்கும் உணவாக்குகிறது. வண்டில்லாமல் பூஞ்சணம் இன்னொரு செடிக்குப் போகாது. பூஞ்சணமில்லாமல் வண்டின் புழு வளராது. நல்ல இசையோடு படமாக்கினால் ஒற்றுமைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. அந்த ஒற்றுமையின் விளைவு என்னவென்று உங்கள் மாணவர்களின் தாய்மாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இந்த வண்டை ஒழிக்கப்போன கதைதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இயற்கைப் பாடம், அதை இன்னும் யாரும் சரியாகப் படமெடுக்கவில்லை என்பது என் மனக்குறை. தேயிலை இலைகளை நூலால் பிணைத்து உள்ளேயிருந்து தின்னும் இலைச்சுருட்டிப் புழு முன்பு பெரிய தொல்லையாக இருந்தது. 1925இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டது. குளவி புழுவின் உடலில் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்னும்; சில ஆண்டுகளில் புழுவின் தொல்லை பெரிதும் அடங்கியது. பிற்பாடு, 1950களிலும் 1960களிலும், துளையிடும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற வீரியமான மருந்தை மலைகளில் அடித்தார்கள். மருந்து வண்டைத் தாக்கியதோடு நிற்காமல் அந்தக் குளவியையும் கொன்றது. அடித்த இடங்களில் இலைச்சுருட்டிப் புழு மறுபடி பெருகியது. ஆராய்ச்சியாளர்கள் மருந்து அடித்த மலையையும் அடிக்காத மலையையும் ஒப்பிட்டுக் காரணத்தைக் கண்டார்கள். ஒன்றை மாற்றினால் அதோடு பிணைந்த இன்னொன்றும் மாறும் என்று இங்கே துணிந்து சொல்லலாம், ஏனென்றால் காரணம் சோதிக்கப்பட்டிருக்கிறது. வண்டுக்கு வீரமும் குளவிக்குத் தியாகமும் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை.

கதைத் திரைப்படங்களுக்கு வேறு கணக்கு. அங்கே ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கதை சொல்கிறார் என்பது இருபக்கமும் தெரிந்ததே. ஆகவே அவருடைய கருத்தோடு வாதாடலாம். பாலாவின் 2013ஆம் ஆண்டுப் பரதேசி வெளியானபோது, நம் தோட்டங்களில் அதைத் தம் பாட்டன் பாட்டியின் கதையாகவே பலர் பார்த்தார்கள். அது தமிழ்நாட்டின் ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கதை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியலின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. கங்காணி, முன்பணம், தீராத கடன் என்பவை இரு மலைகளுக்கும் பொது. இங்கே 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும், இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தின் கீழ் குடும்பங்கள் பிரிக்கப்பட்டதும் அந்தப் படத்தில் இருக்க முடியாது. படம் நம்பிக்கையற்ற இடத்தில் முடிகிறது. அது இயக்குநரின் தேர்வு. வரலாறு அந்த இடத்தில் நிற்கவில்லை என்று ஆசிரியை சொல்ல வேண்டும். இதற்குமேல் திரைப்படங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆவணப்படத்துக்கும் கதைப்படத்துக்கும் நடுவில் நிற்பது தமிழ்நாட்டின் முதுமலை யானை முகாமில் எடுக்கப்பட்டு 2023இல் குறும் ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் பெற்ற படம். தாயை இழந்த யானைக்குட்டிகளை ஒரு பழங்குடித் தம்பதியர் பிள்ளைபோல் வளர்ப்பதை அது காட்டுகிறது. பெரும்பகுதி தமிழிலேயே இருப்பதால் உங்கள் வகுப்புக்கு விளக்கவுரை தேவைப்படாது. பார்த்து முடித்ததும், அன்பு செலுத்தினால் போதும் என்ற பாடம் தானாக வந்து உட்காரும். உடனே உடவளவையைப் பற்றிச் சொல்லுங்கள். 1995 முதல் அங்குள்ள யானைகள் இடைத்தங்கல் நிலையத்தில், அநாதைக் குட்டிகளுக்கு வேளாவேளைக்குப் பாலூட்டுவதைத் தவிர மனிதத் தொடர்பு முடிந்த மட்டும் குறைக்கப்படுகிறது. செல்லப்பிள்ளைபோல் கொஞ்சுவதில்லை. வளர்ந்ததும் காட்டில் விடுகிறார்கள், இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை போயிருக்கின்றன. முதுமலைக் குட்டிகள் முகாமிலேயே வளர்ந்து மனிதரோடு வாழ்பவை; உடவளவைக் குட்டிகள் காட்டுக்குத் திரும்ப வேண்டியவை. எது அன்பு என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். எனக்கு உடவளவைப் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் கைக்குழந்தையாய் வந்து மனிதரோடு ஒட்டிப்போன ஒரு குட்டியிடம் அந்த நியாயத்தைப் பேச முடியாது என்பதும் தெரியும்.

படம் பார்ப்பதால் பிள்ளைகளின் நடத்தை மாறுமா என்பது வேறு கேள்வி, இதில் கொஞ்சம் அடக்கமாகவே பேச வேண்டும். கடலில் சேரும் பிளாஸ்ரிக்கைப் பற்றி உலகையே பேசவைத்த பிபிசியின் 2017ஆம் ஆண்டுக் கடல் தொடரை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். படம் பார்த்தவர்களுக்கு அறிவு கூடியிருந்தது. ஆனால் குடிநீரைத் தெரிவுசெய்யும்போது அவர்கள் பிளாஸ்ரிக் போத்தலைத் தவிர்ப்பது கூடவில்லை. ஒரு சோதனையை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. இருந்தாலும், ஒரு படம் காட்டிவிட்டால் ஒரு குணம் வந்துவிடும் என்று அதிபரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் வகுப்பில் கைக்கொண்டு பயன்கண்ட ஒரு முறை உண்டு. முதலில் காட்சியை ஒலியில்லாமல் போடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு மரை நிற்கும் சிறு துண்டு என்று வைத்துக்கொள்வோம். கண்டதை மட்டும் எழுதச் சொன்னால், "தலையைத் தூக்கியது, இரண்டு காதும் ஒரே பக்கம் திரும்பின, முன்காலால் தரையை அடித்தது, வால் நிமிர்ந்தது" என்று எழுதுவார்கள். பிறகு அதே துண்டை இசையோடும் விவரணையோடும் போட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். இப்போது, "தன் குட்டியைக் காக்க உயிரைப் பணயம் வைத்துச் சிறுத்தையை எதிர்த்து நின்றது" என்று வரும். குட்டியும் சிறுத்தையும் திரையில் எங்கே இருந்தன என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். தொலைவில் நின்று எடுக்கும் காட்சிகளில் காலடியும் இறகடியும்கூடப் பெரும்பாலும் பின்னர் ஒலிக்கூடத்தில் உண்டாக்கிச் சேர்க்கப்படுபவை என்பதையும் அப்போது சொல்லலாம். கண்டதற்கும் கேட்டு நம்பியதற்கும் இடையே ஒரு கோடு போடப் பழகிய பிள்ளைக்கு அது செய்தி பார்க்கும்போதும், தேர்தல் மேடையைக் கேட்கும்போதும் உதவும். நான் மனதார வாழ்க்கைப் பாடம் என்று சொல்லத் துணிவது இதைத்தான்.

சிறுத்தையைப் பற்றிய படம் எதைக் காட்டினாலும், தோட்டத்தார் புலி என்று சொல்லும் அதே விலங்கு தேயிலைக்கும் ஓடைக்காட்டுக்கும் நடுவே வாழ்வதைச் சேர்த்துப் பேசுங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. வனஜீவராசிகள் அதிகாரிகள் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் அது இறந்துபோனது. இப்படிப்பட்ட சுருக்குகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கிறார்கள். பன்றி மரக்கறித் தோட்டத்தை ஒரே இரவில் அழித்துவிடும் என்பதும் உண்மை. உங்கள் வகுப்பில் சுருக்கு வைப்பவரின் பிள்ளையும், நாயைப் புலி தூக்கிக்கொண்டுபோன வீட்டுப் பிள்ளையும் இருக்கக்கூடும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேச முடிந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

பட்டியல் கேட்டதற்கும் ஒரு பதில் தர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை படம் எதுவும் வேண்டாம். அந்த மாணவியின் கேள்வியை எழுதிப்போட்டு, கழுகுக் கதையை எப்படிச் சோதிக்கலாம் என்று வகுப்பையே தேடவிடுங்கள், உங்களுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். அதன்பின் பொலன்னறுவைக் குரங்குகள், அடுத்து முதுமலை, பிறகு பென்குயின் என்று போகலாம். முழுப்படம் ஒரு பாடவேளைக்குள் அடங்காது. பத்து நிமிடத் துண்டும் அரை மணிப் பேச்சும் போதும். வேட்டைக் காட்சிகளை முன்கூட்டியே பார்த்து, இரையைக் கிழிக்கும் இடத்துக்கு முன் நிறுத்துங்கள். டேட்டாச் செலவும் சிக்னலும் நம் பக்கத்தில் எப்படியென்று தெரியும், ஆகவே வீட்டிலேயே தரவிறக்கிக் கொண்டுபோவது நல்லது. பெரும்பாலான படங்களில் தமிழ் விவரணை இருக்காது, நீங்களே சொல்ல வேண்டிவரும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். "வீரம்", "தியாகம்", "பழிவாங்கல்" என்ற சொற்கள் எந்த இடத்தில் உள்ளே வரலாம், எந்த இடத்தில் வரக்கூடாது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.